திருப்புகழை நம்ம கையில் கொண்டுவந்து சேர்த்த முன்சீப்: வ.த.சுப்பிரமணிய பிள்ளை

வேலும் மயிலும் துணை.



நம்ம திருவண்ணாமலைக்கு வந்தவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். ராஜகோபுரம் தாண்டி உள்ளே போனதுமே கம்பத்து இளையனார் சந்நிதி. அருணகிரிநாதருக்காக முருகன் தூணிலிருந்து காட்சி கொடுத்த இடம். கொஞ்சம் தள்ளி வல்லாள மகாராஜா கோபுரம். வாழ்க்கை வெறுத்து அருணகிரியார் மேலிருந்து குதித்ததும், முருகன் கையில் ஏந்திக் காப்பாற்றியதும் அங்கேதான் என்று மரபு சொல்லும். இன்னும் உள்ளே போனால் கிளி கோபுரம். அவர் கிளி வடிவில் இருந்து பாடின கதை அதோடு சேர்ந்தது. இந்தக் கதையெல்லாம் சின்ன வயசிலிருந்தே கேட்டிருப்போம்.

ஒரு கேள்வி மட்டும் நம்மில் நிறைய பேர் கேட்டதில்லை. அருணகிரியார் பாடினது 15ம் நூற்றாண்டில். இன்னைக்கு ஒரு திருப்புகழ் வேணும்னா போனை எடுத்துத் தேடினால் அடுத்த நொடியில் வந்துடுது. நடுவில் இருக்கிற நாலு நூற்றாண்டுக்கும் மேலான காலத்தை அந்தப் பாட்டுகள் எப்படித் தாண்டி வந்தன? யார் கொண்டு வந்தாங்க?

பல பேர் கொண்டு வந்தாங்க. ஓதுவார்கள், பஜனை கோஷ்டிகள், ஏடு எழுதினவர்கள், அதை வீட்டுப் பரணில் பத்திரமா வைத்த குடும்பங்கள். ஆனால் சிதறிக் கிடந்ததை ஒன்று சேர்த்து, எழுத்து எழுத்தாகச் சரி பார்த்து, அச்சுப் புத்தகமாக ஆக்கியவர் என்று சொன்னால் முதலில் வருகிற பெயர் வ.த.சுப்பிரமணிய பிள்ளை. இந்த வாரப் பதிவு அவரைப் பற்றித்தான்.

தணிகை தந்த பெயர்கள்

வடக்குப்பட்டு தணிகாசலம் சுப்பிரமணிய பிள்ளை, சுருக்கமாக வ.த.சு. பிறந்தது 1846ல். நீதிமன்ற உத்தியோகத்தில் சேர்ந்து மாவட்ட முன்சீப் பதவி வரை உயர்ந்தார்.

குடும்பத்தின் பெயர்களைக் கவனிங்க. அப்பா தணிகாசலம். இவர் சுப்பிரமணியம். பிற்காலத்தில் மகனுக்கு வைத்த பெயர் செங்கல்வராயன். அது திருத்தணி முருகனின் பெயர்தான். மூணு தலைமுறையிலும் முருகன் பெயர். வீட்டில் பக்தி எப்படி இருந்திருக்கும் என்று தனியாகச் சொல்லணுமா?

கோர்ட்டுக்கு வந்த திருப்புகழ்

1871. பிள்ளை அவர்களுக்கு அப்போ இருபத்தஞ்சு வயசு. கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வேலை. சிதம்பரம் தீட்சிதர்கள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு அங்கே வந்தது. தில்லையில் தங்களுக்கு இருக்கும் பெருமையைக் காட்ட தீட்சிதர்கள் கொடுத்த ஆதாரங்களில் ஒன்று, ஒரு திருப்புகழ்ப் பாட்டு. தில்லை மூவாயிரவரை அருணகிரியார் புகழ்ந்து பாடிய வரிகள் அதில் இருந்தன.

யோசித்துப் பாருங்க. பத்திரம், பட்டா, கல்வெட்டு இதெல்லாம் வருகிற இடத்தில் ஒரு பாட்டு சாட்சியாக வந்து நிற்குது. அந்தப் பாட்டின் சொல்லழகும் ஓசையும் அந்த இளைஞரைப் பிடித்துக்கொண்டது. இப்படி ஒரு பாட்டா, இதே மாதிரி இன்னும் எத்தனை இருக்கும், அதெல்லாம் எங்கே என்று தேட ஆரம்பித்தார்.

அருணகிரியார் பாடியது 16,000 என்று மரபு சொல்கிறது. இன்று நம்ம கையில் இருப்பது சுமார் 1,300. அந்தக் கணக்குப்படி பார்த்தால் பன்னிரண்டில் ஒரு பங்குதான் மிச்சம். பனை ஓலை சாகாவரம் பெற்றது இல்லை. செல்லரிக்கும், ஓரம் ஒடியும், திரும்பத் திரும்பப் படி எடுத்தால்தான் பிழைக்கும். படி எடுக்க ஆள் இல்லாத வீட்டில் பழைய கட்டு பரணிலேயே மக்கிப்போகும், இல்லன்னா ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஆற்றோடு போகும். அச்சில் அப்போ வந்திருந்தது அங்கொன்றும் இங்கொன்றுமான சில பாட்டுகள்தான். இன்னும் ஐம்பது வருஷம் யாரும் தேடாமல் விட்டிருந்தால் இந்த 1,300லும் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது.

தேடல் ஒரு பக்கம், படிக்கிறது இன்னொரு பக்கம்

வேலையில் இருந்துகொண்டே பிள்ளை அவர்கள் தேடினார். மாற்றலாகிப் போன ஊர்களிலும் விசாரித்தார். சுவடி வைத்திருந்தவர்களிடமிருந்து வாங்கினார், பாட்டு தெரிந்தவர்களிடமிருந்து எழுதி வாங்கினார். இப்படி ஓடியது ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லை. வழக்கு நடந்தது 1871ல், முதல் பாகம் அச்சில் வந்தது 1894ல். இருபத்து மூணு வருஷம்!

ஏடு கிடைத்துவிட்டால் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடலாமே, ஏன் இவ்வளவு காலம் என்று தோணலாம். பழைய ஓலை எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று தெரிந்தால்தான் இது புரியும்.

ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று காரணம் சொல்வார்கள். அதனால் மெய்யெழுத்தும் உயிர்மெய்யும் ஒரே மாதிரிதான் இருக்கும். எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் வித்தியாசமும் தெரியாது. இன்னைக்கு நாம் போடுகிற இரட்டைக் கொம்பு வீரமாமுனிவர் காலத்துக்குப் பிறகு வந்தது. நெடிலுக்குப் போடும் காலும், 'ர' எழுத்தும் ஒன்று போலவே இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, கமா கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது.

இப்போ ஓலையில் 'வரம' என்று மூணு எழுத்து இருக்குன்னு வெச்சுக்கோங்க. அதை வரம் என்று படிக்கலாம். வரம என்று படிக்கலாம். நடுவில் இருப்பது கால் என்று எடுத்தால் வாம், வாம என்றும் படிக்கலாம். மூணே எழுத்து, நாலு வழி. ஒரு முழு திருப்புகழில் இப்படி எத்தனை இடம் வரும் என்று கணக்குப் போட்டுக்கோங்க.

இது கண்ணால் வரும் குழப்பம். காதால் வரும் குழப்பம் வேற. ஒருத்தர் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதியிருப்பார். வலி, வளி, வழி மூணும் அவர் காதில் ஒரே மாதிரி விழும். அரி அறி ஆகும், மனம் மணம் ஆகும். பாடிப் பாடி வந்த பாட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கு. புரியாத அரிய சொல் ஒன்று வந்தால், நாக்கு தானாகவே பழகின சொல் ஒன்றை அங்கே போட்டுவிடும். கேட்க நல்லாவே இருக்கும். ஆனால் அது அருணகிரியார் சொன்ன சொல் இல்லை.

சந்தம் என்கிற காவல்காரன்

மற்ற நூல்களைப் பதிப்பித்தவர்களுக்கு இல்லாத ஒரு துணை திருப்புகழுக்கு உண்டு. அதுதான் சந்தம்.

ஒவ்வொரு திருப்புகழுக்கும் மேலே தனதன, தத்த, தந்த, தான என்று ஒரு வரி போட்டிருப்பதைப் பார்த்திருப்பீங்க. அதற்குச் சந்தக் குழிப்பு என்று பெயர். பலர் அதைத் தாண்டிப் போய்விடுவோம். உண்மையில் அந்தப் பாட்டின் முழு அச்சும் அதில்தான் இருக்கு.

தன என்றால் ரெண்டு குறில். தான என்றால் நெடிலும் குறிலும். தத்த என்ற இடத்தில் பத்தி, முத்து, பட்டு மாதிரி வல்லினம் அழுத்தி வரணும். தந்த என்ற இடத்தில் கந்த, வண்டு, பங்கு மாதிரி மெல்லினமும் வல்லினமும் சேர்ந்து வரணும். தன்ன என்றால் அன்ன, வண்ண. தய்ய என்றால் வல்லி, வெள்ளி. நம்ம வள்ளி அம்மையின் பெயர் கூட தய்ய தான்! முதல் அடியில் எந்த அச்சு விழுந்ததோ அதே அச்சு பாட்டு முடியும் வரைக்கும் திரும்பத் திரும்ப வரணும்.

என் துறைக்காரங்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லணும்னா, இது செக்சம். ஒரு கோப்பு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும்போது நடுவில் எதாவது கெட்டுப்போச்சா என்று கண்டுபிடிக்க நாம் கூடவே ஒரு கணக்கை அனுப்புவோம் இல்லையா, அதை அருணகிரியார் பாட்டுக்குள்ளேயே வைத்து அனுப்பியிருக்கார்.

ஒரு உதாரணம் பாருங்க. ஓலையில் 'செஙகொடு' என்று இருக்கு. செங்கொடு என்று குறிலாகப் படித்தால் அது தந்தன. செங்கோடு என்று நெடிலாகப் படித்தால் தந்தான. அந்த இடத்தின் சந்தம் தந்தான என்றால் செங்கோடுதான் சரி. உடனே கதையே மாறுது. செங்கோடு என்பது முருகன் குடியிருக்கும் திருச்செங்கோடு. ஒரு நெடிலுக்குள் ஒரு தலமே ஒளிந்திருக்கு! அந்த ஓசையைக் கவனிக்காமல் விட்டால் அந்தப் பாட்டு எந்த ஊர் முருகன் மேல் பாடியது என்பதே தெரியாமல் போயிருக்கும்.

சந்தம் இன்னொரு வேலையும் செய்யும். ஒரே மாதிரி அடிகள் அடுத்தடுத்து வருவதால் ஏடு எழுதுகிறவர் கண் ஒரு அடியிலிருந்து அடுத்ததுக்குத் தாவிவிடும். நடுவில் ஒரு பகுதி விட்டுப்போகும். சும்மா படித்தால் அது தெரியாது. சந்தத்தை எண்ணினால் இந்த இடத்தில் ஒரு துண்டு குறையுது என்று பளிச்சென்று தெரியும். அப்போ அந்தத் துண்டு இருக்கிற வேற ஏட்டைத் தேடணும்.

சந்தமும் கைவிடும் இடம்

வலி, வளி, வழி மூணுமே தன தான். மூணுமே சந்தத்தில் பொருந்தும். இங்கே ஓசை உதவாது, பொருள்தான் பேசணும். அந்த வரியில் அனுமனைப் பற்றி வருதா, அப்போ காற்று என்று பொருள் தரும் வளியாக இருக்கலாம். முக்தி நெறியைக் கேட்கிறாரா, அப்போ வழியாக இருக்கலாம். முடிவு சொல்ல முன்னாடி இருக்கிற வரியையும் பின்னாடி இருக்கிற வரியையும் படிக்கணும். புராணம் தெரிஞ்சிருக்கணும். அருணகிரியார் வேற பாட்டுகளில் அந்தச் சொல்லை எப்படி எடுத்தாண்டிருக்கார் என்று பார்க்கணும்.

ஏடுகள் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்லும்போது எதை நம்புவது என்பது அடுத்த சிக்கல். நாலு ஏட்டில் ஒரு பாடம், ஒரு ஏட்டில் வேற பாடம் என்றால் நாலு பக்கம் சாய்ந்துவிடலாமா? முடியாது. அந்த நாலும் ஒரே ஏட்டைப் பார்த்து எழுதினதாக இருந்தால் அது நாலு சாட்சி ஆகாது, ஒரே சாட்சிதான். தனியாக நிற்கிற ஒன்று சரியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. பழையது என்பதற்காகவும் ஒன்றை நம்ப முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு, எது எங்கிருந்து வந்தது என்று பார்த்துத்தான் முடிவு சொல்லணும். நீதிமன்றத்தில் தினமும் சாட்சிகளைப் பார்த்த ஒருத்தருக்கு இந்த யோசனை புதுசாக இருந்திருக்காது.

அவர் முழுநேரப் புலவராக இருந்து இதைச் செய்யவில்லை என்பதை மறக்கக்கூடாது. பகலில் கோர்ட், மிச்ச நேரத்தில் சுவடி. தமிழ் அறிந்த அன்பர்களின் துணையும் இருந்தது. ஆனாலும் இந்த வேலைக்குப் பாடத்திட்டம், பட்டம் எதுவும் அப்போ கிடையாது. ஒரு பாட்டைச் சரி பார்த்த பழக்கத்தில்தான் அடுத்த பாட்டு. நூறு பாட்டு பார்த்த காதுக்குத்தான் நூத்தியொண்ணாவதில் ஒரு எழுத்து இடறுவது கேட்கும்.

1894

முதல் பாகம் வந்த 1894ம் வருஷத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை முதன்முதலாக அச்சிட்டது அதே வருஷம். அதற்கு முன்பே 1887ல் சீவக சிந்தாமணி, 1892ல் சிலப்பதிகாரம் எல்லாம் அவர் பதிப்பில் வந்துவிட்டன. யாழ்ப்பாணத்து சி.வை.தாமோதரம் பிள்ளை 1887ல் கலித்தொகையைக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் சிலர் வாழ்நாளைக் கொடுத்து ஓலையிலிருந்து தமிழைக் காகிதத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. சங்கத் தமிழுக்கு உ.வே.சா. செய்ததைத் திருப்புகழுக்குச் செய்தவர் வ.த.சு. என்று சொன்னால் அது மிகையில்லை.

இரண்டாம் பாகம் 1901ல் வந்தது. தலங்களைப் பற்றியும் அவருக்குப் பெரிய ஆர்வம். தேவாரத் தலங்களைப் பற்றி சிவஸ்தல மஞ்சரி என்று ஒரு நூல் எழுதினார். 1909ல் முருகன் திருவடி சேர்ந்தார்.

வேலை அவரோடு நிற்கவில்லை. பிள்ளைகள் தொடர்ந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் 1883ல் பிறந்த செங்கல்வராய பிள்ளை, நாம் தணிகைமணி என்று சொல்லும் பெரியவர். இவரும் அரசு உத்தியோகம் பார்த்தவர்தான், பத்திரப் பதிவுத் துறையில். அப்பா பாட்டைத் தேடிச் சரி பார்த்தார், மகன் அதற்கு உரை எழுதினார். அருணகிரியார் நூல்களையெல்லாம் முருகவேள் பன்னிரு திருமுறை என்று வகுத்து உரையோடு வெளியிட்டார். தேவார ஒளிநெறி, திருவாசக ஒளிநெறி என்று, எந்தச் சொல், எந்தச் செய்தி எங்கே வருது என்று தொகுத்துக் கொடுத்ததும் அவர்தான். தேடுபொறி இல்லாத காலத்தில் ஒரு மனுஷன் கையால் செய்த தேடுபொறி அது. இன்னைக்கு நாம் பார்க்கும் பல திருப்புகழ்ப் புத்தகங்களுக்கும் இணையப் பக்கங்களுக்கும் அடியில் இந்த அப்பா, மகன் உழைப்புதான் இருக்கு.

மறுபடியும் அண்ணாமலைக்கு

அச்சான திருப்புகழ் என்ன செய்தது என்பதற்கு நம்ம ஊரிலேயே ஒரு கதை உண்டு. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்து, பிறகு துறவு பூண்டு திருவண்ணாமலைக்கு வந்தவர் ஒருவர். ரமண மகரிஷி அவரை மலையிலிருந்து கீழே போகச் சொன்னார் என்றும், கீழே சேஷாத்திரி சுவாமிகள் அவரைப் பார்த்து, திருப்புகழே உனக்கு மந்திரம், வள்ளிமலைக்குப் போ என்று அனுப்பினார் என்றும் அடியார்கள் சொல்வார்கள். அவர்தான் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். திருப்புகழை ஊர் ஊராகப் பரப்பியவர். டிசம்பர் 31 இரவு திருத்தணியில் படிக்கு ஒரு திருப்புகழ் பாடி ஏறும் படிவிழாவைத் தொடங்கி வைத்தவரும் அவரே.

படிக்கு ஒரு பாட்டு பாடணும்னா அத்தனை பாட்டும் கையில் இருக்கணும் இல்லையா? அது இருந்ததற்குக் காரணம், அதே தணிகை முருகன் பெயரைப் பரம்பரையாகச் சுமந்த ஒரு முன்சீப்.

நாம் என்ன செய்யலாம்?

இப்போ நம்மில் யாரும் ஓலை தேடி அலைய வேண்டாம். ஆனால் ஏடு எழுதினவர் வேலையை நாம் ஒவ்வொருத்தரும் தினமும் செய்கிறோம், கவனித்தீங்களா? ஒரு பாட்டை நகல் எடுத்து ஒட்டி, நாலு குழுவுக்கு அனுப்பினால் அது ஒரு படி எடுத்த மாதிரிதான். பழைய படியில் ஒரு பிழை இருந்தால் அது நாலு வீட்டுக்குப் போகும். நம்ம படியில் ஒரு பிழை இருந்தால் சாயங்காலத்துக்குள்ளே நாலாயிரம் பேருக்குப் போயிடும். அடுத்த தலைமுறை அதையே சரியான பாடம் என்று நினைக்கும்.

அதனால் வாரத்துக்கு ஒரே ஒரு திருப்புகழை எடுத்து இப்படிப் படித்துப் பாருங்க:

1. முதலில் சந்தக் குழிப்பை வாய்விட்டுச் சொல்லுங்க. கையால் தாளம் போட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.

2. அதே தாளத்தில் பாட்டைப் படிங்க. எங்கே நாக்கு இடறுதோ அங்கே நிறுத்துங்க. ஒன்று நீங்க தப்பாப் படிச்சிருப்பீங்க, இல்லன்னா அச்சில் பிழை இருக்கும். நல்ல பதிப்பு ஒன்றோடு ஒத்துப் பாருங்க.

3. பெருமாளே என்று முடிகிற கடைசிப் பகுதியைப் பாருங்க. எந்தத் தலம் என்பது பெரும்பாலும் அங்கே இருக்கும்.

4. புரியாத சொல்லைப் பழகின சொல்லாக மாத்திடாதீங்க. குறித்து வைத்து, உரையைப் பார்த்து அர்த்தம் தெரிஞ்சுக்கோங்க.

5. இதெல்லாம் முடிந்த பிறகு அனுப்புங்க. பிழை கண்டால் அனுப்பினவருக்குத் தனியாக, பணிவாகச் சொல்லுங்க.

ஆரம்பிக்க நம்ம அருணைத் திருப்புகழே போதும். இந்தத் தலத்துக்கு மட்டுமே எழுபதுக்கும் மேற்பட்ட பாட்டுகள் இருக்கு. வாரம் ஒன்று என்றால் ஒன்றரை வருஷத்துக்கு வரும்.

அடுத்த முறை கம்பத்து இளையனார் சந்நிதியில் நின்று திருப்புகழ் பாடும்போது, அருணகிரியாரை நினைக்கிற மனசில் வ.த.சுப்பிரமணிய பிள்ளை அவர்களுக்கும் ஒரு நமஸ்காரம் சொல்லுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
அண்ணாமலையானுக்கு அரோகரா!